ஏழாம் எண் நேயர்

வாழ்த்துகள் என்று ஆரம்பிக்கும் கடிதத்தை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. அடுப்பில் போட்டுவிடுவேன். வாழ்த்துச் சொன்னவன் எவனும் எனக்கு நல்லது செய்ததில்லை. காகித ஆலையை மூடியபோதுகூட "புதிய வாழ்க்கைக்கு வாழ்த்துகள்" என்றுதான் ஆரம்பித்தார்கள். இந்தக் கடிதத்தையும் அடுப்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அதற்குள் கடைசி வரி கண்ணில் பட்டுத் தொலைத்தது. வர இயலாதவர்கள் அதற்கான காரணத்தை ஆறு பக்கப் படிவத்தில் எழுதித் தர வேண்டுமாம். ஏழு வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பக்கத்துக்கு ஒரு வகுப்பு செலவானால் மிச்சம் ஒன்றுதான். அதைவிடக் கூப்பிட்ட இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவதே மேல் என்று கிளம்பினேன்.

கடிதம் எங்கள் கால்ஷேர் நகராட்சியின் பண்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்தது. ஊர்க்காரர்களில் ஏழு பேரைக் கணினி குலுக்கிப் போட்டு எடுத்திருக்கிறது. அந்த ஏழு பேரும் நேயர் குழு. உள்ளூர் பேண்டு ஒன்று 'அடிவண்டல்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டிருக்கிறது. நாலு பாட்டு, ஐம்பத்தெட்டு நிமிஷம். அதைப் பற்றி நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து ஒரே கருத்தைச் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் வகை என்ற இடத்தில் அட்மாஸ்ஃபெரிக் ஸ்லட்ஜ் மெட்டல் என்று போட்டிருந்தது. அட்மாஸ்ஃபெரிக் என்றால் சூழல் சார்ந்தது, ஸ்லட்ஜ் என்றால் கசடு. மூன்றாம் எண் இயந்திரத்தில் முப்பத்தெட்டு வருஷம் நின்றவன், கசடுத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவியவன் நான். அதற்கென்று ஒரு சூழல் உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து டிரம்ஸும் கிட்டாரும் வாசிக்க வேண்டுமென்றால், முதலில் படிப்பு வட்டமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போதுதான் நகராட்சி இடம் கொடுக்கும். வட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு பாடத்திட்டம், ஒரு வருகைப் பட்டியல். இந்தப் பேண்டுக்காரர்கள் பாடத்திட்டத்தில் 'சேர்ந்து சத்தம் போடுதல், தொடர்நிலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு வருஷமாக மூடிய ஆலையின் பம்ப் அறையில் கையெழுத்துப் போட்டுப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பம் வெளிவந்ததும் அலுவலகத்துக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. படிப்பு முடிந்துவிட்டதோ? முடிந்ததென்றால் தேர்வு வைக்க வேண்டாமா? அந்தத் தேர்வுதான் நாங்கள்.

முதல் கூட்டம் நூலகத்தின் மாடியில், 'தைரியம்' என்ற அறையில் நடந்தது. பக்கத்து அறைக்கு 'நம்பிக்கை' என்று பெயர். அதில் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவள் பெர்னில்லா. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தவள், பதவியின் பெயர் நடைமுறை வழிகாட்டி. எங்கள் நாட்டில் எழுபத்தேழு வயதுக்காரனையும் நீ என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த நீ-யில் தேன் தடவிக் கொடுப்பதில்தான் வருத்தம்.

முதலில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் இன்று எப்படி உணர்கிறோம் என்று சொல்ல வேண்டும். எனக்கு முழங்கால் வலி என்றேன். அது உடல், உணர்வு என்ன என்றாள். முழங்கால் வலிக்கிறதே என்ற உணர்வு என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு எங்களுக்கு எண் கொடுத்தாள். யார் யார் என்று வெளியே தெரியக் கூடாதாம். நான் ஏழு. எனக்கு எதிரே இருந்த நாலாம் எண் சோல்வெய்க், தேவாலயப் பாடகர் குழுவில் ஐம்பது வருஷம் பாடியவள், என் செத்துப்போன மனைவியின் தோழி. அவள் என்னைப் பார்த்து, "ஏழாம் எண்ணே, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே," என்றாள்.

எங்கள் வடக்கில் ஆமாம் என்று சொல்ல யாரும் வாயைத் திறப்பதில்லை. உதட்டைக் குவித்துச் சின்னதாக ஒரு மூச்சு உள்ளே இழுப்போம், அவ்வளவுதான். என் கல்யாணத்தில் பாதிரியாருக்கே அப்படித்தான் பதில் சொன்னேன். பெர்னில்லா விதிகளை எல்லாம் வாசித்து முடித்து, சம்மதமா என்று கேட்டாள். ஏழு பேரும் மூச்சிழுத்தோம். அடுத்த வாரம் கூட்டக் குறிப்பு தபாலில் வந்தது: 'நேயர்கள் எழுவருக்கும் ஒரே சமயத்தில் மூச்சுத் திணறல் ஏற்பட்டது. ஆல்பம் இன்னும் ஒலிக்கவிடப்படவில்லை.' இரண்டாம் கூட்டத்துக்கு ஒரு நர்ஸ் வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டாள். காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் பத்தொன்பது.

மூன்றாம் கூட்டத்தில்தான் ஆல்பத்தைப் போட்டார்கள். போட்டார்கள் என்றுதான் சொல்ல முடியும். பணிச்சூழல் பாதுகாப்பு விதிப்படி சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது. அந்த அளவுக்குப் பாதியில் வைத்தால் இன்னும் பாதுகாப்பு என்று பாதியில் வைத்தார்கள். அதற்கு மேலும் பாதுகாப்பாக எல்லாருக்கும் காதில் வைக்க மஞ்சள் பஞ்சு கொடுத்தார்கள். நான் இரண்டு காதுக்கும் கருவி மாட்டியவன். ஆலை என் காதைத் தின்றுவிட்டது. கருவியைக் கழற்றிப் பஞ்சை வைப்பதா, கருவிக்கு மேலேயே பஞ்சை வைப்பதா என்று கேட்டேன். பெர்னில்லா கீழ் மாடிக்கு ஓடிப்போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, இரண்டும் என்றாள்.

முதல் பாட்டு பத்தொன்பது நிமிஷம். விதிப்படி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை காதுக்கு ஓய்வு. அதனால் பன்னிரண்டாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டுக் காபி கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி காபியில் போட ஒரு துண்டு சீஸ்கூட இல்லை. முட்டை, பால், மாவு எதுவுமே சேராத ஒரு ரொட்டிச் சுருள் இருந்தது. ஓய்வு முடிந்ததும், பாதியிலிருந்து கேட்பது படைப்புக்குச் செய்கிற அநீதி என்று பெர்னில்லா மறுபடி முதலிலிருந்து போட்டாள். பன்னிரண்டாவது நிமிஷத்தில் மறுபடி காபி. அன்று அந்தப் பாட்டின் முதல் பன்னிரண்டு நிமிஷத்தை நாங்கள் நாலு தடவை கேட்டோம், அதாவது கேட்கவில்லை. சத்தம் என்று அறையில் இருந்தது கூரையில் ஓடிய காற்றாடி ஒன்றுதான்.

பிறகு கருத்து. ஆளுக்கு மூன்று வண்ணச் சீட்டு. இரண்டாம் எண், 'ஒரே சீராக இருக்கிறது, மனசுக்கு அமைதி' என்று எழுதினான். அவன் எழுதியது காற்றாடியைப் பற்றி. ஐந்தாம் எண், பின்பக்கம் கொஞ்சம் இரைச்சல் இருப்பதாக எழுதினாள். அது பார்க்கிங்கில் பனி அள்ளிக்கொண்டிருந்த டிராக்டர். 'இந்தப் படைப்பு உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் உணர்வைத் தந்ததா?' என்ற கேள்விக்கு எல்லாரும் மிகவும் ஆம் என்று போட்டார்கள். ஒன்றும் காதில் விழாத பாட்டைப் போலப் பாதுகாப்பு வேறெதில் உண்டு? கேட்காத விஷயத்துக்கு நான் கருத்துச் சொல்வதில்லை என்று என் சீட்டை வெறுமையாகக் கொடுத்தேன். 'ஏழாம் எண் ஆழ்ந்த சிந்தனையில்' என்று குறிப்பில் வந்தது.

நாலாம் கூட்டத்தில் சோல்வெய்க் மாட்டிக்கொண்டாள். அவளும் என்னைப் போலத்தான், கேட்காமல் எப்படிச் சொல்வது என்று நேராகக் கடைக்குப் போய் அந்த ரெக்கார்டையே வாங்கிவிட்டாள். வீட்டில் ரொட்டி சுடும்போது சத்தத்தை முழுசாக வைத்துக் கேட்டிருக்கிறாள். நாலாவது பாட்டில் அழுதுவிட்டாளாம், ரொட்டி கருகிவிட்டதாம். இதை அவள் ரொம்ப சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல, பெர்னில்லாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாரையும் வெளியே நிற்கவைத்துவிட்டுச் சட்ட அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"சோல்வெய்க், இதுல உன் தப்பு எதுவும் இல்ல," என்றாள் திரும்பி வந்து. "ஆனா முழுசாக் கேட்டவங்களுக்கு ஒரு சார்பு வந்துடும். சார்பு வந்தவங்க கருத்துச் சொல்லத் தகுதி கிடையாது."

"பல் வைத்தியருக்கு என் பல்லைப் பாத்தா சார்பு வந்துடுமா?" என்றாள் சோல்வெய்க். தன் ரொட்டிச் சுருளையும் என்னுடையதையும் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். குலுக்கலில் அவளுக்குப் பதில் ஒருவன் வந்தான், எதற்கும் முந்திக்கொண்டு மூச்சிழுக்கிறவன். புதிய நேயர் வந்தால் விதிப்படி எல்லாம் முதல் கூட்டத்திலிருந்து ஆரம்பம். மறுபடி உணர்வு, மறுபடி நர்ஸ், மறுபடி ஜன்னல்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நேராகப் பம்ப் அறைக்கே போய்விட்டேன். பனி மிதித்து ஆலையின் பின்வாசலுக்குப் போகிற வழி என் கால்களுக்குத் தெரியும். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். டிரம்ஸ் அடிக்கிறவள் துவா, சுகாதார நிலையத்தில் வேலை, போன மாதம்கூட எனக்கு ரத்தம் எடுத்தவள். கத்துகிறவன் ஈசாக். அவன் மழலையர் காப்பகத்தில் ஆசிரியர். பகலெல்லாம் குழந்தைகளிடம் மெதுவாகப் பேசிப் பேசிச் சேர்த்து வைத்ததை இங்கே கொட்டுகிறான்.

"என்ன பெருசு, வழி தவறி வந்துட்டியா?" என்றாள் துவா.

வந்த காரணத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் இங்கே வந்தது தெரிந்தால் சோல்வெய்க்குக்கு நடந்ததுதான் எனக்கும் என்றாள். படிப்பு முடிந்தது என்று அலுவலகம் இந்த அறையைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எண்பது கிலோமீட்டருக்குள் இந்தச் சத்தம் தாங்கும் சுவர் வேறெங்கும் இல்லை என்றாள். அது உண்மை, ஒரு மீட்டர் கனம், பம்புகளுக்காகக் கட்டியது. அறை போனால் ஈசாக்கும் இன்னொருவனும் ஸ்டாக்ஹோம் போய்விடுவார்கள், பேண்டு அதோடு முடிந்தது. அவள் இதை எந்த அழுகையும் இல்லாமல் சொன்னாள். ஊசி குத்தும்போது 'கொஞ்சம் வலிக்கும்' என்பாளே, அதே குரல்.

நான் காதுக் கருவிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். முதல் பாட்டை அடிக்கச் சொன்னேன்.

முதல் ஆறு நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரே ஒரு கம்பியை ஒருவன் உரசிக்கொண்டிருந்தான், பொறுமையில்லாதவன் எழுந்து போயிருப்பான். பிறகு மற்றதெல்லாம் மெதுவாக ஏறியது. சுவர் வழியாக முதுகுக்கு வந்தது, முதுகிலிருந்து பல்லுக்கு வந்தது. ஈசாக் கத்தியதைப் பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். உருளைக்குள் கை மாட்டியவன் அப்படிக் கத்துவான், ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பதினாலாவது நிமிஷத்தில் எல்லாம் ஒரே நொடியில் நின்றது. பழைய நாளில் இயந்திரத்தில் காகிதம் அறுந்தால் இப்படித்தான் மொத்த ஆலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த மௌனத்துக்கப்புறம் வந்ததைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அன்றே, அங்கேயே வந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன். இதை அலுவலகத்துக்காரர்களும் படிக்கக் கூடும்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கருத்தைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவது என்றுதான் போனேன். மனசில் இருப்பதைச் சொல்லாமல் வைத்திருந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் நாலு தடவை மேஸ்திரி பதவி கைக்கு வந்து போனது. ஆனால் அன்று பண்பாட்டுக் குழுவின் தலைவர் ஸ்டெல்லனே வந்திருந்தார். நீலக் கழுத்துத் துண்டு, கையில் சுருட்டிய வரைபடம். அதை மேசையில் விரித்தார். பம்ப் அறை இருக்கும் இடத்தில் கண்ணாடிச் சுவர், மெத்தை நாற்காலி, தொட்டியில் ஒரு செடி. 'உரையாடல் மையம்' என்று எழுதியிருந்தது. நகராட்சி மக்களைக் கேட்பதற்கென்றே ஒரு கட்டடம்.

"நாங்க மக்களைக் கேக்கிற நிர்வாகம்," என்றார் ஸ்டெல்லன். "அந்த அறையை என்ன செய்யணும்ங்கிறதைப் போன வருஷமே முடிவு பண்ணிட்டோம். ஆனா உங்க கருத்தைக் கேக்காம அதை வெளியே சொன்னா அது ஜனநாயகம் ஆகாது. அதனாலதான் இவ்வளவு நாள் காத்துக்கிட்டிருக்கோம். முடிவை எடுத்துட்டு இவ்வளவு பொறுமையாக் கேக்கிற நகராட்சி இந்தக் கடலோரத்துலேயே வேற கிடையாது."

இரண்டாம் எண் கைதட்டினான். நான் ஒரு சந்தேகம் கேட்டேன். ஆல்பம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் ஏழு பேரும் சொன்னால் என்ன ஆகும்?

அப்படியானால் படிப்பு வட்டம் தன் நோக்கத்தை அடைந்துவிட்டது, இனி அதற்கு அறை தேவைப்படாது என்றார். மோசம் என்று சொன்னால்? நோக்கம் நிறைவேறவில்லை, ஆகவே அறையைத் தொடர்ந்து கொடுப்பது சரியில்லை என்றார். இரண்டையும் ஒரே புன்னகையோடுதான் சொன்னார். வாய்வரை வந்த என் கருத்தை விழுங்கிக்கொண்டேன்.

"ஒண்ணுமே சொல்லலேன்னா?" என்றேன்.

ஸ்டெல்லன் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி ஒன்று நடந்ததே இல்லை, எல்லாருக்கும் ஏதாவது ஒரு கருத்து இருக்கத்தான் செய்யும் என்றார். நேயர்கள் ஏழு பேரும் ஒருமனதாகச் சொல்லும்வரை அந்த அறையைத் தொடக் கூடாது என்று விதியே இருக்கிறதாம். யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறதாம். அந்த இரண்டாவது விதியைத் தானே எழுதியதாகச் சொன்னபோது அவர் கண் கலங்கியது.

பெர்னில்லா சுற்று ஆரம்பித்தாள். ஆறு பேரும் நல்ல ஆல்பம், பாதுகாப்பான ஆல்பம் என்று மூச்சிழுத்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"நான் இன்னும் யோசிச்சுட்டிருக்கேன்," என்றேன்.

அது நடந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. மாதத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை 'தைரியம்' அறைக்குப் போகிறேன். எங்கள் கூட்டத்தையே இப்போது ஒரு படிப்பு வட்டமாகப் பதிவு செய்துவிட்டார்கள், பாடம் 'கேட்டல், தொடக்கநிலை'. நானும் வருகைப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறேன். பன்னிரண்டு நிமிஷம் காற்றாடியைக் கேட்கிறேன், காபி குடிக்கிறேன், யோசிக்கிறேன். மற்ற ஆறு பேரும் என்னை விஷம் வைத்துக் கொல்கிற மாதிரி பார்க்கிறார்கள். இரண்டாம் எண் கடையில் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறான். என் யோசனைக்கு உதவ ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் என்னை மரத்துண்டுகளை அடுக்கச் சொன்னார், அடுக்கினேன். வெளியில் எங்காவது ஆல்பத்தைக் கேட்டேனா என்று சட்ட அதிகாரி எழுத்தில் கேட்டார். கருவி இல்லாமல் எனக்குக் காது கேட்காது என்ற மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தேன். கருவிகள் அன்று சட்டைப்பையில்தான் இருந்தன. பொய் சொல்லவில்லை.

கஷ்டம் என்னவென்றால், யோசிக்க ஒன்றுமே இல்லை. கருத்து நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது. எழுபத்தொன்பது வயதில், வாயை மூடிக்கொண்டிருப்பது என்று ஒரு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். ஆலையில் செய்த எந்த வேலையும் இவ்வளவு களைப்பு தந்ததில்லை. அங்கே பம்ப் அறையில் அவர்கள் அடுத்த ஆல்பத்துக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஈசாக் இன்னும் ஊரில்தான் இருக்கிறான்.

போன மாதம் கூட்டம் முடிந்து பார்க்கிங்குக்கு வந்தேன். பெர்னில்லா காரின் முன் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"ஹில்டிங், இது குறிப்புல வராது," என்றாள் என் பெயரைச் சொல்லி. "அது எப்படித்தான் இருக்கும்?"

அவள் குரலில் தேன் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அலுவலகத்தில் ஒருத்தி நிஜமாகக் கேட்கிறாள் என்று புரிந்தது. நீ கேட்டதே இல்லையா என்றேன். நடுநிலை என்பதால் தானும் பஞ்சு வைத்துக்கொண்டுதான் உட்காருவதாகச் சொன்னாள். பன்னிரண்டாவது நிமிஷத்துக்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சில நாள் சமைக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருப்பாளாம்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சொன்னால் அதுவும் ஒரு கருத்து ஆகிவிடும்.

"புதன்கிழமை நாலு மணிக்குப் பம்ப் அறைக் கதவைப் பூட்ட மாட்டாங்க," என்றேன். "சுவத்துல சாய்ஞ்சு நில்லு. ஆனா வேலை போயிடும்மா, பாத்துக்க."

அவள் கண்ணாடியில் ஏற்கெனவே சுரண்டிய இடத்தையே திரும்பச் சுரண்டினாள். நான் கிளம்பிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை 'தைரியம்' பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். சார்பு ஏற்பட்டதன் காரணமாக நடைமுறை வழிகாட்டி பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். புதிய வழிகாட்டி நியமிக்கப்பட்டதும் எல்லாக் கூட்டங்களும் முதலாவதிலிருந்து மீண்டும் நடைபெறும். பம்ப் அறை குறித்த முடிவு அதுவரை நிறுத்திவைக்கப்படுகிறது. கீழே, புகார் கொடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில் பெர்னில்லா என்றே இருந்தது. தன்மேல் தானே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். புகாரின் விவரம் என்ற கட்டத்துக்குள் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

முழுதாகக் கேட்டேன். இரண்டு தடவை.